கேப்டன் ரெமிக்கு ஒரு பூசை

பிறக்கவே பிறக்காத ஒருவரின் ஆன்மா இளைப்பாற மாதா கோயிலில் பூசை கேட்டவள் புதுச்சேரியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பெருமைக்குச் சொல்லவில்லை.

கல்யாணமான எட்டாவது மாதம் கணவர் பிரான்சுக்குப் போய்விட்டார். எனக்கு விசா வரும், வரும் என்றார்கள். முத்தியால்பேட்டை வீட்டில் நானும் மாமியாரும் மட்டும். (மாமா இறந்து நாலு வருஷம். அத்தை ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.) சுவரோடு பேசாத குறைதான். அப்போதுதான் போனில் ஒரு ஏழு பாக நாவல் மாட்டியது. நட்சத்திரங்களுக்கு நடுவே போர். இந்தப் பக்கத்துக் கப்பலுக்குக் கேப்டன் ரெமி, எதிரிக் கப்பலில் தோவான். இரண்டு பேரும் ஆண்கள். முதல் பாகத்தில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். மூன்றாம் பாகத்தில் காதலித்தார்கள். நான் குழம்பைத் தீயவிட்டேன்.

ஐந்தாம் பாகத்தில் தோவானைத் தப்பிக்க வைத்துவிட்டு ரெமி கப்பலோடு வெடித்துச் செத்துப்போனார். மூன்று நாள் அழுதேன். கணவரிடம் சொன்னதற்கு, "சரி, கேஸ் புக் பண்ணிட்டியா?" என்றார். துக்கம் தாங்காமல் மாதா கோயிலின் பங்கு அலுவலகத்துக்குப் போய், செவ்வாய்க்கிழமை காலைப் பூசையில் ரெமிக்காக வேண்டச் சொல்லி எழுதிக்கொடுத்தேன். அதற்கு நாலைந்து பேர்தான் வருவார்கள், யாருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டிருந்தேன். (அவ்வளவு புத்திசாலி.) என் வீங்கிய முகத்தைப் பார்த்து இரக்கப்பட்ட அலுவலகக்காரர், அதை ஞாயிற்றுக்கிழமை பெரிய பூசைக்கு மாற்றிவிட்டார்.

ஞாயிறன்று பக்கத்தில் அத்தை. சாமியார் மைக்கில் வாசித்தார்: "மறைந்த ரெமி அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. வேண்டுபவர் ஸ்டெல்லா." கோயிலே என்னைத் திரும்பிப் பார்த்தது. அத்தை மட்டும் திரும்பவில்லை.

பூசை முடிந்ததும் பெண்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"எப்டிம்மா போனாரு?"

"வெடிச்சி."

"அய்யோ பாவம். உனக்கு என்ன முறை?"

நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை கதவைச் சாத்தினார். "யாரு அந்த ரெமி?"

மகனுக்கு போன் போகப்போகிறது, என் கல்யாணம் இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். "எனக்கும் அவருக்கும் ஒண்ணும் இல்ல அத்தை. அவரு பொம்பளைங்களையே பாக்க மாட்டாரு. தோவான்னு ஒருத்தர், அவர்தான் இவருக்கு உயிரு."

"அவன் எந்த ஊரு?"

"வேற கிரகம்."

அத்தை என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். அதோடு நான் உடைந்துவிட்டேன். "கதை அத்தை. புக்குல வர்றவங்க. எனக்குப் பேச யாருமே இல்ல." சொல்லிவிட்டு அழுதேன். இந்த அழுகை ரெமிக்காக இல்லை.

கத்துவார் என்று காத்திருந்தேன். அத்தை எனக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"இருக்குறானே இன்னொருத்தன், அவனுக்கு யாரு ஆக்கிப் போடுறா?"

"அவனேதான். ரெண்டு பேருக்கும் அவன்தான் சமைப்பான்."

"ரெண்டு பேருக்கு ஆக்கிப் பழகிட்டா ஒருத்தருக்கு அளவே வராதுடி. தெனம் மிஞ்சும்," என்றார் அத்தை.

நாலு வருஷமாக அந்த வீட்டில் எனக்கு முன்பே ஒருத்தி தனியாக இருந்திருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஆறாம் பாகத்தை அவருக்கு வாய்விட்டே படித்துச் சொன்னேன். சண்டைக் காட்சி வந்தால் "தாண்டிப் போ" என்பார்.

பிறகு விசா வந்துவிட்டது. நான் இங்கே பிரான்சில், அத்தை அங்கே. கல்லறைத் திருநாளில் மாமா கல்லறையில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றுகிறார். இரண்டாவது யாருக்கு என்று கேட்பவர்களிடம், "எம் மருமவளோட ரெமிக்கு," என்று வெட்கமில்லாமல் சொல்கிறார். சொந்தக்காரர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள், என் கணவர் உட்பட.

அத்தை போன் செய்தால் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். "தோவான் எப்டி இருக்கான்?" என்றுதான் கேட்பார்.

"தனியாத்தான் இருக்கான் அத்தை," என்பேன். "அடுத்த மாசம் அவனப் பாக்க வரேன்."