வாள்வனத்து பெஞ்சு ஒழிக்கப்பட்ட வரலாறு

மனிதனை நாற்காலியிலிருந்து எழுப்பாமலேயே மலையேற வைத்த பெருமை இவ்வுலகில் எங்கள் தொழில் ஒன்றுக்கே உண்டு. மற்றத் தொழில்கள் மனிதனின் தேவைகளைத் தீர்க்கின்றன. நாங்கள் தேவைகளையே உண்டாக்கித் தருகிறோம். நேற்றுவரை நிம்மதியாகப் பல் தேய்த்துக்கொண்டிருந்த ஒருவரை, இன்று வாயில் நுரையோடு "இன்னும் ஏழு மந்திரக்கல் வேணுமே" என்று தவிக்க வைப்பது லேசான காரியமா?

நான் ஒரு வீடியோ கேம் நிறுவனத்தில் 'ஈடுபாட்டு மேலாளர்'. விளையாட வந்தவர் வெளியே போகாமலும், உள்ளே இருப்பவர் சும்மா இருக்காமலும் பார்த்துக்கொள்வது என் கடமை. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் அறிவிப்பு எழுதுவதும் நான்தான். "சில சிறு பிழைகள் திருத்தப்பட்டுள்ளன" என்ற அமர வாக்கியத்தை நீங்கள் படித்திருக்கலாம்.

எங்கள் விளையாட்டின் பெயர் 'வாள்வனம்'. காட்டுக்குள் போக வேண்டும். கண்ணில் பட்டவரை வெட்ட வேண்டும். வாள் மழுங்கியதும் எங்களிடம் புதிய வாள் வாங்க வேண்டும். இவ்வளவு ஆழமான தத்துவத்தைக் கொண்ட விளையாட்டுக்கு ஒரு பெஞ்சால் ஆபத்து வந்தது.

காட்டின் ஒரு மூலை காலியாகத் தெரிகிறதே என்று எங்கள் ஓவியர் ஏரிக்கரையில் ஒரு மர பெஞ்சை வரைந்து வைத்துவிட்டார். வீரர்கள் அருகே போனால் உட்காரலாம். அவ்வளவுதான். அதை எதற்காக வரைந்தீர்கள் என்று பின்னால் நடந்த விசாரணையில் இயக்குநர் கேட்டபோது, அந்த அம்மாள் "உட்காரத்தான் சார்" என்றார். இப்படி ஒரு பதிலை எங்கள் நிறுவனம் அதுவரை கேட்டதில்லை. குறிப்பேட்டில் எழுதவே கை கூசியது.

முதலில் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். மறுவாரம் கூட்டம் சேர்ந்துவிட்டது. பெஞ்சில் இடம் கிடைக்காதவர்கள் புல்தரையில் உட்கார்ந்தார்கள். வாளைக் கீழே வைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும் என்று அவர்களே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். பிறகு ஒருவருக்கொருவர் எழுதிப் பேச ஆரம்பித்தார்கள். முழங்கால் வலி, பிள்ளையின் பரீட்சை, வீட்டுக்காரரின் குறட்டை. ராட்சசர்கள் வெட்ட ஆளில்லாமல் காட்டுக்குள் அலைந்து திரிந்தார்கள்.

இயக்குநர் அவசரக் கூட்டம் போட்டார். மக்கள் உட்காருவதை எப்படித் தடுப்பது என்று நாள் முழுக்க உட்கார்ந்து ஆலோசித்தோம். பெஞ்சை எடுத்துவிட்டால் போகிறது என்று யாரோ முணுமுணுத்ததும் இயக்குநர் புன்னகைத்தார்.

"தூக்கிட்டா நாம வெச்சது தப்புன்னு ஆயிடும். அவங்களா எழுந்திருக்கணும்."

இந்த முயற்சிக்கு 'எழுச்சித் திட்டம்' என்று பெயரிட்டோம்.

முதல் அப்டேட்டில் பெஞ்சின்மேல் மட்டும் ஓயாத மழை பெய்தது. வீரர்கள் கேடயத்தைக் குடையாகப் பிடித்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார்கள். ஒரே கேடயத்துக்குக் கீழே இரண்டு பேர் ஒண்டிக்கொண்டதால் நெருக்கம் இன்னும் கூடியது. இரண்டாவது அப்டேட்டில், சற்று நேரத்துக்குமேல் உட்கார்ந்தவரை பெஞ்சே உதறித் தள்ளியது. விழுந்தவர் எழுந்து, நின்றுகொண்டிருந்தவருக்கு இடம் கொடுத்தார். ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்வதற்காக நாங்கள் வளர்த்த மக்கள், "நீங்க உக்காருங்க", "பரவாயில்ல, நீங்க உக்காருங்க" என்று உபசரித்துக்கொள்ளும் அவலத்தை எங்கள் கண்ணாலேயே பார்த்தோம்.

மூன்றாவதாக டிராகனை அனுப்பினோம். அதைப் படைத்த மூத்த புரோகிராமரை அலுவலகத்தில் 'டிராகன்காரர்' என்றே அழைப்போம். பெற்ற பிள்ளையைப்போல அதை வளர்த்தவர். அது பறந்து வந்தது, நெருப்பைக் கக்கியது, ஏரிக்கரையில் இறங்கிச் சுற்றுமுற்றும் பார்த்தது. கையில் வாள் வைத்திருப்பவரைத் தாக்கு என்பதுதான் அதற்கு இடப்பட்ட கட்டளை. அங்கே ஒருவர் கையிலும் வாள் இல்லை. டிராகன் இறக்கையை மடக்கிக்கொண்டு பெஞ்சுக்குப் பக்கத்தில் படுத்துவிட்டது. வரும்போது சத்தம் போட்டு, வந்ததும் தூங்கிவிடுகிற காரணத்தால் மக்கள் அதற்குச் 'சித்தப்பா' என்று பெயர் வைத்தார்கள்.

இயக்குநர் டிராகன்காரரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "இங்க இருக்கறவரைக்கும் ஒழுங்காத்தான் சார் இருந்தது. வெளிய போய்த்தான் கெட்டுப்போச்சு" என்றார்.

கடைசியில், உள்ளே போய் வேவு பார்த்து வரும்படி என்னை அனுப்பினார்கள். கொம்பு வைத்த தலைக்கவசம் அணிந்து, 'கொம்பன்' என்ற பெயரில், ஒரு மாலையில் என் அலுவலக மேசையிலிருந்தே அந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் 'கரண்டி' என்ற பெயரில் ஒரு வீராங்கனை இருந்தாள். பஸ்ஸில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பதாகவும், ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை என்றும், நாள் முழுக்க ஊரில் உள்ளவர்களிடம் "கொஞ்சம்தான் வலிக்கும்" என்று பொய் சொல்லி வாய் வலிக்கிறது என்றும் எழுதினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. என் மனைவிக்கும் அதே வேலைதான் என்பது உடனே உறைக்கவில்லை. ஈடுபாட்டு மேலாளர்களுக்கு வீட்டு விவரங்கள் சற்று மெதுவாகத்தான் உறைக்கும்.

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று கணவரிடம் சொன்னாளாம். அவர், "அடுத்த அப்டேட்ல பாத்துக்கலாம்" என்றாராம்.

இப்படிப் பதில் சொல்லும் கணவர்கள் உலகில் பலர் இருக்கலாம் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த வரியில், அவர் செருப்பைக் கழற்றினால் ஒன்று வாசலிலும் இன்னொன்று ஹாலிலும் கிடக்கும், இரண்டுக்கும் ஏதோ தீராத சண்டை போல என்று எழுதினாள். மேசைக்கு அடியில் என் செருப்பைப் பார்த்தேன். ஒன்றுதான் இருந்தது.

நான் யார் என்று சொல்லியிருக்கலாம். வேவு பார்ப்பவன் தன்னை வெளிப்படுத்தக் கூடாது என்ற தொழில் தர்மம் தடுத்தது. கணவருக்கு வேலைப்பளு அதிகமாக இருக்கலாம் என்று மட்டும் அவர் சார்பில் எழுதினேன். எனக்கும்தான் இருக்கிறது, குழாயை நானே மாற்றிவிட்டேன் என்று பதில் வந்தது.

அன்று வீட்டுக்குப் போனதும் இரண்டு செருப்பையும் சேர்த்து வைத்தேன். அவள் பார்த்தாள். மறுநாள் பெஞ்சில் கொம்பனிடம் சொன்னாள்: "நேத்து செருப்பு ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தது. ராத்திரி சாப்பிடறப்போகூட ரெண்டு தடவை எட்டிப் பாத்தேன்."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் நான் வாங்கிய முதல் பாராட்டு அது. அதையும் வேறொருவன் பெயரில் வாங்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு தினமும் வேவு பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமையும் வேவு பார்த்தேன், அவள் ஹாலில் இருக்க நான் படுக்கையறையில் இருந்துகொண்டு. சின்ன வயதில் பாட்டுக் கற்றுக்கொண்டு பாதியில் விட்டதைச் சொன்னாள். எனக்கு இருட்டென்றால் இன்னமும் பயம் என்பதை நான் சொன்னேன். சித்தப்பா குறட்டை விட, மழைக்கு அவள் கேடயத்தைப் பிடிக்க, நாங்கள் பேசிக்கொண்டே இருந்தோம். எங்கள் வீட்டில் அவ்வளவு பேச்சு நடந்ததே இல்லை. என் உழைப்பை மெச்சி இயக்குநர் பாராட்டுக் கடிதம்கூட அனுப்பினார்.

பிறகு இறுதிக் கூட்டம் வந்தது. உட்கார்ந்திருப்பவன் வாள் வாங்க மாட்டான், ஆகவே பெஞ்சை எடுப்பதைத் தவிர வழியில்லை என்றார் இயக்குநர். வைத்தது தப்பென்று ஆகாதா என்று ஓவியர் கேட்டார். 'நீக்கம்' என்று சொன்னால்தான் தப்பு, 'மேம்பாடு' என்று சொன்னால் இல்லை என்று அவருக்கு விளக்கப்பட்டது. கருத்துக் கேட்டபோது, வேண்டாம் என்று சொல்ல என் கை பாதிவரை உயர்ந்தது. பாதி உயர்ந்த கையை முழுச் சம்மதமாக எடுத்துக்கொள்வது எங்கள் நிறுவன மரபு.

அறிவிப்பை நான்தான் எழுதினேன். "ஏரிக்கரையின் இயற்கைச் சூழல் மேம்படுத்தப்பட்டுள்ளது. சில சிறு பிழைகள் திருத்தப்பட்டுள்ளன."

அன்று மாலை வீட்டுக்குள் நுழையும்போது அவள் சோபாவில் போனோடு உட்கார்ந்திருந்தாள். திரையில், பெஞ்சு இருந்த இடத்தில் ஒரு முட்புதர். உட்கார இடமில்லாததால் எல்லோரும் வாளை எடுத்துக்கொண்டு நின்றார்கள். சித்தப்பாவுக்குப் பழைய ஞாபகம் திரும்பிவிட்டது. கரண்டி கருகிக் கிடந்தாள்.

"இன்னைக்குக் கொம்பன் வரலையே" என்றாள்.

யார் கொம்பன் என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம்தான் வலித்தது.

"வேலைப்பளுன்னு எழுதச் சொன்னா, முதல் ல-வையும் தப்பா போட்டு, கடைசி ள-வையும் தப்பா போடற ஆளு உலகத்துலயே ஒருத்தர்தான். மொத நாளே தெரியும்."

பின் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீங்க எழுந்து போயிருப்பீங்க."

இங்கேயே பேசலாமே என்றேன். அவள் சற்று யோசித்தாள். பிறகு சோபாவில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். நான் உட்கார்ந்தேன். அவள் அந்தப் பாட்டு வாத்தியாரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். பெஞ்சில் சொல்லாமல் விட்ட பகுதி அது. வாத்தியார் கண்ணை மூடித் தாளம் போடும்போது இவள் பின்வாசல் வழியாக ஓடிப்போவாளாம். அப்போது என் போன் அடித்தது. புதிய அப்டேட்டால் வாள் விற்பனை பிய்த்துக்கொண்டு போகிறது, உடனே பேச வேண்டும் என்றார் இயக்குநர்.

நான் எழுந்தேன்.

பேசிவிட்டுத் திரும்பி வந்தபோது சோபா காலியாக இருந்தது. போனிலிருந்து வாள்வனத்தை அவள் அழித்துவிட்டாள். அதன்பிறகு எங்கள் வீட்டில் நடப்பவை தகவல் பரிமாற்றங்கள் மட்டுமே. கேஸ் தீர்ந்துவிட்டது, சாவி ஜன்னலோரம் இருக்கிறது.

ஆனால் எங்கள் நிறுவனம் மக்களைக் கைவிடும் நிறுவனம் அல்ல. வீரர்கள் பேச ஆளில்லாமல் வாடுவது புதிய ஆய்வில் தெரியவந்துள்ளது. இதற்கு யார் காரணமோ தெரியவில்லை. அவர்களுக்காக 'உற்ற தோழி' என்ற கணினித் தோழியை உருவாக்கி, மாதச் சந்தாவில் வழங்குகிறோம். அவள் நன்றாகப் பேச வேண்டுமே என்று, பெஞ்சில் பதிவான உரையாடல்களிலேயே மிகச் சிறந்ததைத் தேர்ந்தெடுத்து அவளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கரண்டி என்ற பெயரில் இருந்தவரின் பேச்சுதான் மிகச் சிறந்தது என்று வல்லுநர் குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. என் கையும் பாதிவரை உயர்ந்தது.

முதல் சந்தாதாரர் நான்தான். ஊழியர்களுக்குச் சலுகை உண்டு. தோழி அருமையாகப் பேசுகிறாள். நேற்று அந்தப் பாட்டு வாத்தியாரைப் பற்றிக் கேட்டேன். அந்தப் பகுதி தன்னிடம் இல்லை, அடுத்த அப்டேட்டில் வரலாம் என்றாள்.