படத்தில் விழுந்த தாயத்து

முகப்பேரிலிருந்து கொரட்டூருக்கு நடந்துகொண்டிருந்தேன். ஒரு கையில் சாப்பாட்டு டப்பா, இன்னொரு கையில் பேன்ட். (கழற்றவில்லை, நழுவாமல் பிடித்திருந்தேன்.) அதுவரை அதைத் தாங்கிய அரைஞாண் கயிறு ஸ்கேன் சென்டரின் குப்பைத்தொட்டியில் கிடந்தது. என் வேலையும் அங்கேயேதான்.

ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான். பேக்கரி, லாரி ஷெட், பெயின்ட் கடை, எதிலும் இரண்டு மாதம் தாண்டியதில்லை. "இதையும் உட்டுட்டு வந்தா ஊட்டுக்குள்ள சேக்கமாட்டேன்" என்று சொல்லித்தான் அக்கா அனுப்பியிருந்தாள். அப்போது எனக்கு இருந்த ஒரே கூரை அவளுடையது.

எம்.ஆர்.ஐ. எடுக்க வருகிறவர்களின் உடம்பில் உலோகம் இல்லையென்று பார்த்து உள்ளே அனுப்புவது என் வேலை. மிஷின் ஒரு பெரிய காந்தம். உலோகம் போனால் ஆபத்து, படமும் கெடும். உடம்பில் இல்லாதது படத்தில் வந்தால் அதற்கு ஆர்ட்டிஃபேக்ட் என்று பெயர் என்பார் டெக்னீஷியன் ஸ்டெல்லா மேடம். எனக்குத் தெரிந்த ஒரே மருத்துவ வார்த்தை. அக்கா வைத்த ரசத்தில் மிதந்த முடியைக்கூட அப்படித்தான் சொன்னேன்.

அன்று வந்தவர் ஏழுமலை, அயனம்பாக்கத்து ஆட்டோக்காரர். முதுகுவலி. ஆபரேஷன் வேண்டுமா என்பதைப் படம் பார்த்துத்தான் டாக்டர் சொல்ல வேண்டும். அவர் அரைஞாணில் ஒரு தாயத்து. அறுக்கலாமா என்று கேட்டேன்.

"செத்தாத்தான் நைனா இத்த அறுப்பாங்க. நான் இன்னும் வண்டி ஓட்டிகினு கீறேன்."

நியாயமாகத்தான் பட்டது. தாயத்தை வயிற்றுப் பக்கம் தள்ளி, மேலே பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினேன். (முதுகைத்தானே எடுக்கிறார்கள்?)

படத்தில் முதுகெலும்பை யாரோ கடித்துத் தின்ற மாதிரி ஒரு கரிய குழி. சுற்றியிருந்த எலும்புகள் வளைந்து நின்றன. மெட்டல் ஏதாவது விட்டுப்போச்சா என்று மேடம் கேட்டார். இல்லை என்றேன். மறுபடி எடுத்தார், மறுபடி குழி. மிஷினைச் சோதிக்க என்னையே படுக்கச் சொன்னார். அதே இடத்தில் அதே குழி.

மிஷின் போச்சு என்று முடிவாயிற்று. ஏழுமலையை மட்டும் இருக்கச் சொல்லி, காத்திருந்த மற்றவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு இன்ஜினியரை வரவழைத்தார்கள். அவர் சோதனைக்கென்று வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைப் படம் எடுத்தார். பளிச்சென்று வந்தது. பாட்டிலுக்கு இல்லாத வியாதி எங்கள் இரண்டு பேருக்கு மட்டும். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இடுப்புல இன்னாபா கீது?"

அப்போதுதான் அம்மா எனக்குக் கட்டிவிட்ட தாயத்து நினைவுக்கு வந்தது. சேர்ந்த நாளிலிருந்து அந்த அறைக்குள் போனாலே அது மெல்ல இழுக்கும். சாமி கூடவே வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழுமலை எதிரிலேயே என் கயிற்றைக் கத்தரித்தேன். நான் விழுகிறேனா என்று பார்த்தார். பேன்ட்தான் விழுந்தது. சிரித்துவிட்டுக் கத்தரிக்கோலுக்குக் கை நீட்டினார். அவர் படம் சுத்தமாக வந்தது. (ஆபரேஷன் தேவைப்படவில்லை. பிறகொரு நாள் அவர் ஆட்டோவில் ஏறியபோது சொன்னார்.)

மேடம் கத்தவில்லை. "தெரியாம செஞ்சிருந்தா பரவால்லப்பா. தெரிஞ்சே இல்லைன்னியே" என்றார். அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

அக்கா கதவைத் திறந்தாள். பேன்ட்டைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கதவு நிலையில் சாய்ந்துவிட்டாள். என்னை விரட்ட மறந்துபோனாள். இன்றைக்கும் நான் எதற்காவது இல்லை என்று சொன்னால், அவள் பிள்ளைகள் கோரஸாக "இடுப்புல இன்னாபா கீது?" என்கிறார்கள்.

வேலை போன மறுநாள் காலை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தேன். கையில் மெட்டல் டிடெக்டரைக் கொடுத்தார்கள். முதலில் வந்தவரின் இடுப்பருகே அது கத்தியது.

"தாயத்துப்பா, ஒண்ணுமில்ல" என்றார்.

ஒண்ணுமில்லையாம். ஓரமாக நிற்கச் சொன்னேன்.