எங்கள் இணையதளத்தில் அலைமோதிய கூட்டம்

மனிதகுல வரலாற்றில் மகத்தானவை என்று மூன்றைச் சொல்வேன். ஒன்று நெருப்பு. இரண்டு சக்கரம். மூன்று, ஆம்பூர் பைபாஸை ஒட்டி இயங்கும் எங்கள் 'கோடி ஷூ அப்பர்ஸ்' நிறுவனத்தின் இணையதளம். முதல் இரண்டும் தொடக்கத்திலிருந்தே வேலை செய்தன.

நான் அந்நிறுவனத்தின் மனிதவள மேலாளர் ஹரிஹரன். எங்கள் எம்.டி. தனகோடி அவர்கள் சென்னைத் தோல் கண்காட்சிக்குப் போய்வந்த மறுநாள், "எல்லாரும் வெப்சைட் வெச்சிக்கீறான், நமக்கு இன்னா கொறச்சல்?" என்று கேட்ட கேள்வியில் பிறந்தது அந்தத் தளம். லேப்டாப்புக்கு மாலை, மவுஸுக்குக் குங்குமம் என்று முறைப்படி திறப்பு விழா நடந்தது. விழாப் புகைப்படங்களே முகப்புப் பக்கம் ஆயின. எம்.டி. பொன்னாடை போர்த்துகிறார், எம்.டி.க்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள், இரு தரப்பும் ஒருவருக்கொருவர் போர்த்திக்கொள்கிறார்கள். ஒவ்வொரு படமும் கம்பெனி கேட் அளவுக்குக் கனமானது. பொறுமையாகக் கீழே இறங்கிப் போனால், மலையடிவாரத்தில் ஒரு ஷூ அப்பர், அதாவது நாங்கள் தைக்கும் ஷூவின் மேல்பாகம், தெரியும்.

தளத்தின் உச்சியில் பார்வையாளர் எண்ணிக்கை ஓடுமாறு அமைத்திருந்தார்கள். முதல் வாரம் அது ஓடவில்லை, உட்கார்ந்திருந்தது. எம்.டி.யின் முகம் வாடியது. எம்.டி.யின் முகம் வாடினால் தண்ணீர் ஊற்ற வேண்டியது மனிதவளத் துறை. உடனே சுற்றறிக்கை விட்டேன்: தொழிலாளர் அனைவரும் காலையில் கேட்டுக்குள் நுழையுமுன், மதியச் சாப்பாட்டின்போது, சாயந்தர டீயின்போது கம்பெனி இணையதளத்தைத் தத்தம் போனில் திறந்து காட்ட வேண்டும். வரவேற்பறை டிவியும் இமைக்கும் நேரத்துக்கு ஒருமுறை அதையே புதிதாகத் திறந்துகொண்டிருக்கும்படி ஏற்பாடு.

எண் ஓடத் தொடங்கியது. "உலகமே நம்மளப் பாக்குது" என்றார் எம்.டி. மறுத்துப் பேசுவது என் பணிவரையறையில் இல்லை.

எல்லா மகத்தான திட்டங்களுக்கும் எதிர்ப்பு இருக்கும். எங்களுக்கு இருந்த எதிர்ப்பின் பெயர் சௌந்தரம். இரண்டாவது லைனில் தையல் மெஷின் ஓட்டுபவர். ஒருநாள் கேட்டிலேயே ஆரம்பித்தார்.

"தெறந்தா முதலாளி மூஞ்சி பாதி வந்து நின்னுக்குது சார். மீதி மூஞ்சி வர்றதுக்குள்ள ஷிப்ட் மணி அடிக்குது."

"வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப அழுத்தும்மா" என்றார் வாட்ச்மேன் பச்சையப்பன். "முழு மூஞ்சியப் பாக்காம உள்ள வுடக் கூடாதுன்னு ஆர்டர்."

எல்லோரும் திரும்பத் திரும்ப அழுத்தினார்கள்.

அந்த வாரமே தளத்தில் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தில் ஓர் அறிவிப்பு தோன்றியது: '508. ரிசோர்ஸ் லிமிட் இஸ் ரீச்டு.' தளத்தை அமைத்து, சர்வரில் இடம் பிடித்துத் தந்த நயீம் அகமது வரவழைக்கப்பட்டார். பேருந்து நிலையத்துக்கு எதிரே கடை வைத்திருப்பவர்.

"இது ஷேர் ஆட்டோ மாதிரி சார்" என்றார் நயீம். "ஒரே சர்வர்ல நாமளும் இருக்கோம், ஊர்ல இருக்கற நூறு சைட்டும் இருக்குது. ஒவ்வொருத்தருக்கும் இவ்ளோ சீட்டுதான்னு கணக்கு. ஒரே நேரத்துல ஜனம் ஜாஸ்தி ஏறிடுச்சின்னா, ஏறாதேன்னு சொல்லிடும்."

"அப்ப நமக்குக் கூட்டம் தாங்கலன்னு சொல்லு!" என்றார் எம்.டி.

"அப்படியும் சொல்லலாம் சார்."

"நம்பர் இன்னா? ஐநூத்தியெட்டா? நூத்தியெட்டே விசேஷம்யா!" எம்.டி.யின் கண்கள் பனித்தன. "சினிமா கொட்டாய்ல ஹவுஸ்புல் போர்டு மாட்டுனா பெருமையா, அவமானமா?"

"பெருமை சார்" என்றேன், மனிதவளத் துறை சார்பாக.

மறுநாள் பைபாஸில் பிளெக்ஸ் எழுந்தது: 'இணையத்தையே திணறடித்த எங்கள் ஐநூற்றெட்டு!' பக்கத்தில் எம்.டி., இரு கை கூப்பியபடி.

இந்தப் பொற்காலத்தில் ஒரே ஒருவர் மட்டும் மகிழ்ச்சியில் பங்கேற்கவில்லை. எங்கள் சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையர்களுடன் பேசி ஆர்டர் பிடிக்கும் பூர்ணிமா. ஜெர்மனியில், ஹாம்பர்க் நகரத்து பையர் ஒருவருக்குச் சேம்பிள் அனுப்பியிருந்தார். அந்த பையர், தையல் வேலையையும் லைனையும் தளத்தில் படமாகப் பார்த்துவிட்டுச் சனிக்கிழமைக்குள் முடிவு சொல்வதாக இருந்தார். ஆர்டர் வராவிட்டால் திங்கள் முதல் இரண்டாவது லைனுக்கு வேலை இல்லை. இதைப் பூர்ணிமா எம்.டி.யிடம் நிதானமாகத்தான் சொன்னார்.

"பையருக்கு நம்ம சைட் தெறக்கலையாம் சார். ஒரு வாரமா தெனமும் ட்ரை பண்றாராம்."

"கூட்டத்துல நிக்கச் சொல்லும்மா. திருப்பதில நிக்கறாங்கல்ல?"

"அவர் சாமி கும்பிட வரல சார். ஷூ வாங்க வர்றார்."

எம்.டி. இதைப் பெருந்தன்மையோடு மன்னித்தார். ஆனால் வியாழக்கிழமை வாணியம்பாடியில் ஒரு கல்யாணப் பந்தியில், தம் சம்பந்திக்குத் தளத்தைக் காட்டப் போனைத் திறந்தவருக்கும் அதே ஐநூற்றெட்டு காட்சி தந்தது. சம்பந்தி பாயசத்தை உறிஞ்சியபடி, "இதுதான் பிளெக்ஸ்ல போட்டிருந்ததா?" என்று கேட்டுவிட்டார். தாம் கட்டிய வீட்டுக்குள் தாமே நுழைய முடியாத துயரம் எம்.டி.யை உலுக்கியது. வெள்ளிக்கிழமை பிற்பகல் அவசர உயர்நிலைக் கூட்டம். ஆம்பூரில் உயர்நிலைக் கூட்டம் என்றால் பிரியாணி உண்டு. உண்டோம்.

பிறகு நயீம் வழிகளை முன்வைத்தார். "போட்டோவ சின்னது பண்ணிடலாம் சார். பாதி பேஜார் தீந்துடும்."

"என் மூஞ்சிய சின்னது பண்ணுவியா நீ?"

"பெரிய பிளானுக்கு மாறிக்கலாம்."

"இன்னிக்குப் பெரிய பிளான். நாளைக்கு இத்தவிட பெரிய கூட்டம் வரும். அப்ப?"

"நம்ம ஆளுங்க மூணு வேளையும் தெறக்கறத நிறுத்துனா போதும்" என்றார் பூர்ணிமா. "அந்த டிவியையும்."

அது என் சுற்றறிக்கையை ரத்துசெய்யச் சொல்லும் பேச்சு. நான் எம்.டி.யைப் பார்த்தேன். எம்.டி. பூர்ணிமாவைப் பார்த்தார்.

"நம்ம ஜனத்த வெளிய போகச் சொல்றதா? எங்கிருந்தோ வர்றவனுக்காகவா?"

பூர்ணிமா எழுந்து, அந்தத் தையல் படங்களையாவது எடுத்து பையருக்குத் தனியாக அனுப்பிப் பார்ப்பதாகச் சொல்லி லைனுக்குப் போய்விட்டார். அவர் பிரியாணியில் கைவைக்கவே இல்லை. ஈடுபாட்டுக் குறைவு என்று குறித்துக்கொண்டேன்.

நயீம், யார் யார் எங்கிருந்து வருகிறார்கள் என்ற விவரத்தைத் திரையில் போட்டார். ஆம்பூர், பேரணாம்பட்டு, குடியாத்தம், ஒடுகத்தூர், நாட்றம்பள்ளி. "பாத்தியா, எங்கெங்கேர்ந்து வர்றாங்க!" என்று நெகிழ்ந்தார் எம்.டி. அந்த ஊர்களுக்கெல்லாம் எங்கள் கம்பெனி பஸ் போகிறது என்பது தற்செயல்.

"இது யாருய்யா, கடைசில?"

"ஜெர்மனி சார். பிராங்க்பர்ட்டுன்னு காட்டுது. ஒரு வாரமா வுடாம அழுத்திக்கினே இருக்கார். கதவு தெறக்கலன்னா திரும்பவும் அழுத்தறார்."

"நம்ம பையர் ஹாம்பர்க். இவன் பிராங்க்பர்ட். வேற ஊரு, வேற ஆளு. எந்தப் பக்கத்தப் பாக்கறான்?"

"தையல் பக்கம் மட்டும். முகப்புல ஒரு செகண்டு கூட நிக்கல."

என் படங்களைப் பார்க்காதவனா என்று எம்.டி. வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. "வேவு பாக்கறான் சார்" என்று நான்தான் அவையின் கருத்தைத் தொகுத்துச் சொன்னேன்.

"இந்த ஊரு காட்டுறதெல்லாம் அவ்ளோ கரெக்டா இருக்காது சார்" என்று நயீம் தலையைச் சொறிந்தார். "ஒரு வாட்டி பூர்ணிமா மேடத்தக் கேட்டுக்கலாமே."

"இது செக்யூரிட்டி மேட்டர். தூக்கு அவன."

நயீம் தூக்கினார்; அந்த ஆளுக்கு இனித் தளம் திறக்காது. அடுத்த நிமிடம் தளம் பளிச்சென்று திறந்தது. எம்.டி. முழு முகத்தோடு காட்சி தந்தார். அந்த நேரத்தில் தொழிலாளர் எல்லோரும் மெஷினில் இருந்ததையும், வரவேற்பறை டிவியை யாரோ கிரிக்கெட்டுக்கு மாற்றியிருந்ததையும் கூட்டத்தில் யாரும் எழுப்பவில்லை. நயீமுக்கு அங்கேயே பொன்னாடை போர்த்தப்பட்டது. அந்தப் படமும் உடனே தளத்தில் ஏற்றப்பட்டது.

சனிக்கிழமை பூர்ணிமா போனை நீட்டியபடி எம்.டி. அறைக்குள் வந்தார். பையரின் செய்தி. தனியாக அனுப்பிய படங்களுக்கு நன்றி என்றும், ஆனால் எங்கள் தளம் தமக்கு அனுமதி இல்லை என்கிறது என்றும், அதை எங்கள் பதிலாகவே எடுத்துக்கொண்டு ஆர்டரை வேறு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டதாகவும் மரியாதையோடு எழுதியிருந்தார். தளம் காட்டிய 403 என்ற எண்ணையும் குறிப்பிட்டிருந்தார்.

"ஐநூத்தியெட்டுலேர்ந்து நானூத்திமூணுக்கு எறங்கிட்டமா?" என்று அதிர்ந்தார் எம்.டி.

திங்களன்று இரண்டாவது லைன் நிறுத்தப்பட்டது. கேட்டில் அறிவிப்பை நானே ஒட்டினேன். சௌந்தரம் சாப்பாட்டுப் பையோடு அதைக் கடைசி வரை படித்தார்.

"எப்ப சார் திரும்பக் கூப்புடுவீங்க?"

"தகவல் தளத்தில் வெளியிடப்படும்."

"அப்ப வேல இல்லாத நாள்லயும் அத்தத் தெறந்து பாக்கணுமா?"

சுற்றறிக்கையில் விதிவிலக்கு எதுவும் இல்லை என்று விளக்கினேன். அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். அவர் பின்னால் லைன் முழுவதும் நடந்தது. அன்று முதல் தளம் தடையின்றி இயங்குகிறது என்பதை நிர்வாகத்தின் சாதனையாக இங்கே பதிவுசெய்கிறேன்.

பூர்ணிமா மட்டும் நயீம் கடைக்குப் போய், நம் தொழிலாளர்களின் போன், ஆபீஸ், வரவேற்பறை டிவி எல்லாவற்றையும் கழித்துவிட்டு, திறப்பு விழாவிலிருந்து இதுவரை வந்தவர்களின் கணக்கை எடுத்துத் தரும்படி கேட்டு வாங்கிவந்தார்.

வெளியிலிருந்து வந்தவர் ஒருவர். அவரைத்தான் தடுத்திருந்தோம்.