மன்றக் கதவின் குமிழ் எந்தப் பக்கம்?

மாண்புமிகு நகரசபைத் தலைவரும், என் மனைவியுடன் பிறந்த தம்பியும், என் கடைக்குச் சீல் வைத்தவருமான மைத்துனர் அவர்களுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்காவும் உங்கள் மருமகளும் சௌக்கியம். கடை சௌக்கியமில்லை. அங்கே எல்லோரும் சௌக்கியமா என்று கேட்பது முறை. ஆனால் கேள்வி கேட்க முன் அனுமதி வாங்க வேண்டும் என்று நீங்கள் போட்ட உத்தரவு இதற்கும் பொருந்துமோ என்னவோ என்பதால் கேட்காமல் விடுகிறேன். மேலே ‘மாண்புமிகு’ போட்டது நாற்காலிக்கு. அது ஊர் கொடுத்த நாற்காலி, அதற்கு மரியாதை செய்ய எனக்குத் தெரியும். இத்தனை நாள் நேரிலும் ‘நீங்க’ என்றுதான் பேசியிருக்கிறேன். ஆனால் எழுத எழுத ரத்தம் தலைக்கு ஏறுகிறது, ஆகையால் இதற்குக் கீழே ‘நீ’ என்றுதான் வரும். அது நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மைத்துனனுக்கு. நேரில் சொல்லலாம் என்று உன் அலுவலகத்துக்கு வந்தால், என் கடையில் எத்தனையோ தடவை சாவி வெட்டிக்கொண்டு போன உன் செயலாளர், என்னை முன்பின் பார்த்தே இராதவர் போல, “எதுவானாலும் எழுத்துமூலமா குடுங்க சார்” என்றார். இதோ, எழுத்துமூலமாக.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பாதியிலேயே மனஸ்தாபம் வந்துவிட்டது. பூட்டு ரிப்பேர் செய்து, சாவி வெட்டிப் பிழைக்கிறவன். வீட்டில் டி.வி. ரிமோட்டைத் தொடுவதற்கே எனக்கு அதிகாரம் கிடையாது. அப்படிப்பட்டவன் அதிகாரத்தின் எல்லையைப் பற்றி உனக்கு எழுதுவது வேடிக்கைதான். ஆனால் எல்லைக்குள்ளேயே குடித்தனம் நடத்திப் பழகியவன் என்ற முறையில் என்னைவிட யோக்கியதை உள்ளவன் இந்த ஊரில் யார்? நீ தேர்தலில் நின்றபோது, நான் எந்தெந்த வீட்டுக்குச் சாவி வெட்டிக் கொடுத்திருக்கிறேனோ அந்தந்த வீட்டுக் கதவை எல்லாம் தட்டினேன். “எங்க மாப்பிள்ளைதான், தங்கமான பையன், நம்பிப் போடுங்க” என்றேன். தங்கம் என்று சொன்ன வாயை இப்போது எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? பதவி ஏற்ற அன்று நீ கையைத் தூக்கி, அரசியல் சட்டத்துக்கும் நகரசபைச் சட்டத்துக்கும் கட்டுப்பட்டு நடப்பேன் என்று சொன்னாய். உன் அக்கா அழுதாள். நான் கை சிவக்கத் தட்டினேன். அந்த நகரசபைச் சட்டத்தை உன் மருமகள் நூலகத்திலிருந்து எடுத்து வந்து எனக்கு வாசித்துக் காட்டினாள். சபைக்கு என்னென்ன வேலை என்று அதில் எழுதியிருக்கிறது. தண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு, குப்பை, ரோடு. “இதுல சொல்லாத எதையும் சபை செய்யக் கூடாதுன்னு போட்டிருக்குப்பா” என்றாள். “உங்க மாமா இதைப் படிச்சிருப்பாரா?” என்று கேட்டேன். “அட்டையைப் பார்த்திருப்பார்” என்றாள்.

அட்டையைப் பார்த்த நீ செய்த முதல் காரியம் என்ன? மெயின் ரோட்டைப் பார்த்த மாடிகளில் யாரும் துணி காயப்போடக் கூடாது என்று உத்தரவு. ஊர் அழகு கெடுகிறதாம். சாக்கடை தெருவில் வழிந்து, ஜனங்கள் செங்கல் போட்டுத் தாண்டிப் போகிற ஊரில், அழகைக் கெடுப்பது என் பனியனாம். எங்கள் தெருத் தையல்காரம்மா நகரசபை மன்றத்தில் நடந்த மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று, “சாக்கடை உங்க வேலை, அதை நீங்க பாக்கல. எங்க வீட்டுத் துணி எங்க வேலை, அதை எதுக்குப் பாக்கறீங்க?” என்று கேட்டார். மன்றமே சிரித்தது. நீயும் கூடச் சேர்ந்து சிரித்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். நீ சிரிக்கவில்லை. இனிமேல் கேள்வி கேட்க எழுத்தில் முன் அனுமதி வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டு, மறுநாள் என் கடைக்கு வந்தாய்.

“அத்தான், மன்றக் கதவுக்கு ஒரு பூட்டு மாட்டணும். சாத்தினா தானா பூட்டிக்கணும். வெளிய இருக்கறவங்க உள்ள வரக் கூடாது.”

“எப்போ, கூட்டம் நடக்கறப்பவா?”

“கூட்டம் நடக்கறப்பதான்.”

“கூட்டம் ஆரம்பிச்சா கதவு திறந்திருக்கணும்னு சட்டத்துல இருக்காமே மாப்பிள்ளை. உங்க மருமக வாசிச்சா.”

“திறந்திருக்கணும்னுதான் இருக்கு. எவ்வளவு நேரம்னு இல்லையே.”

இந்த மாதிரி மூளையை நான் சாவி இல்லாமல் அடுத்தவர் வீட்டைத் திறந்து தரச் சொல்லி வருகிறவர்களிடம்தான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகவே எங்கள் தொழிலில் ஒரு முறை வைத்திருக்கிறோம். எந்தப் பூட்டில் கை வைப்பதானாலும் முதலில் சொந்தக்காரர் யார் என்று கேட்க வேண்டும், அவர் பக்கத்தில் நிற்க வேண்டும். உன்னிடமும் கேட்டேன். “மன்றம் யாருது மாப்பிள்ளை?” என்றேன். “நான்தானே தலைவர்” என்றாய். “தலைவர் நீங்கதான். மன்றம் யாருது?” என்றேன். நீ உடனே உன் அக்காவுக்குப் போன் போட்டாய். அவள் என்னைக் கூப்பிட்டு, “தம்பி கேக்கறான், ஒரு பூட்டு மாட்டிக் குடுக்க இவ்வளவு யோசனையா? நாளைக்கு அவன் மூஞ்சியில எப்படி முழிக்கறது?” என்றாள். மேலே சொன்ன ரிமோட் விஷயத்தை மறந்துவிடாதே. சாமான் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனேன்.

நான் சதி செய்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாயாமே, அதனால் அந்தப் பூட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். அதற்கு ஒரு பக்கம் கையால் திருகுகிற குமிழ், மறுபக்கம் சாவித் துவாரம். குமிழ்ப் பக்கம் நிற்பவனுக்குச் சாவி தேவையில்லை, திருகினால் திறக்கும். துவாரத்தின் பக்கம் நிற்பவன் சாவியோடு வர வேண்டும். குமிழ் சொந்தக்காரன் பக்கம், துவாரம் வந்து போகிறவன் பக்கம். இது என் கைக்குப் பழக்கம், இதற்கெல்லாம் நான் மூளையைக் கூப்பிடுவதே இல்லை. அன்றைக்கு என் மூளை, உன் அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டிய பதில்களை யோசித்துக்கொண்டிருந்தது. எனக்கு நல்ல பதில்கள் எப்போதும் அவள் அடுத்த அறைக்குப் போன பிறகுதான் வரும். கதவுக்கு மேலே ‘பொதுமக்கள் மன்றம்’ என்று பலகை. கண் அதைப் படித்திருக்கிறது, கை சொந்தக்காரன் யார் என்று முடிவு கட்டியிருக்கிறது. குமிழை வெளிப்பக்கம் மாட்டி, துவாரத்தை உள்பக்கம் வைத்து, சாவிக்கொத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, யாருக்கும் கொடுக்கிற நினைப்பே இல்லாமல் கடை ஆணியில் மாட்டிவிட்டேன். இது மறதி மாப்பிள்ளை. சதி செய்கிற சாமர்த்தியம் எனக்கு இருந்திருந்தால் உன் அக்காவிடம் ஒரு தடவையாவது ஜெயித்திருப்பேன்.

பிறகு நடந்தது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும். நீங்கள் எல்லோரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். ஜனங்கள் வெளியே வெயிலில் நின்றார்கள். குமிழைத் தொட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை, பூட்டிய கதவைப் பார்த்தால் தள்ளி நிற்கிற நல்ல ஜனங்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து கதவைத் தட்டும் சத்தம்.

“யாரது?” என்றார் தையல்காரம்மா.

“நான்தான், தலைவர். கதவைத் திறங்க.”

“முன் அனுமதி வாங்கியாச்சா?”

சிரிப்பு அடங்கியதும் அவர் கதவோடு வாயை வைத்து, “சாக்கடையை எப்போ பாப்பீங்க?” என்று கேட்டார். “பரிசீலனையில இருக்கு” என்றாய் நீ. “நாங்களும் கதவைப் பத்திப் பரிசீலிச்சுக்கிட்டுதான் இருக்கோம்” என்றார் அவர். உள்ளே உங்கள் உறுப்பினர் ஒருவர், “சொல்லித் தொலைங்க தலைவரே, எனக்கு அவசரமா போகணும்” என்று கெஞ்சியது தெருக்கோடி வரை கேட்டது. “இந்த வாரமே ஆள் அனுப்பறோம்” என்றாய். பதவிக்கு வந்த பிறகு உன் வாயிலிருந்து வந்த முதல் நேரான பதில் அதுதான், அதுவும் மூடிய கதவு வழியாக. யாரோ ஓடி வந்து சொல்லி, நான் கடையிலிருந்து செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்து குமிழைத் திருகினேன். “இன்னும் துணி விஷயம் கேக்கல, அதுக்குள்ள என்ன அவசரம்?” என்று தையல்காரம்மா என்னை முறைத்தார். “பூட்டி வெச்சுக் கேக்கறதுக்கு நமக்கும் சட்டத்துல இடம் இல்லம்மா” என்றேன். உன்னைத் திறந்துவிட்டது நான். அதை நீ யாரிடமும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே உன் செயலாளர் இரண்டு ஆட்களோடு என் கடை வாசலில் நிற்கிறார். நான் பொது ஒழுங்கைக் கெடுத்தேனாம். நோட்டீஸ் இல்லை, விசாரணை இல்லை, சபையில் தீர்மானம் இல்லை. உன் கையெழுத்து மட்டும் இருந்தது, கோபத்தில் போட்டதால் அதுவும் பாதிதான் இருந்தது. ‘சபை கூடித் தீர்மானம் போட்டாலொழிய இந்தச் சீலை எவரும் அகற்றக் கூடாது’ என்று அவர் தெருவுக்கே கேட்கும்படி வாசித்தார். வாசித்துவிட்டு ஆட்களைப் பார்த்தார், ஆட்கள் அவரைப் பார்த்தார்கள். பூட்டு கொண்டுவர மறந்துவிட்டார்கள். என் கடையைப் பூட்ட என்னிடமே பூட்டுக் கேட்டார்கள். கடைக்கு ஆள் வந்து நின்றால் என் நாக்குத் தன்னாலேயே “எந்த அளவு வேணும்?” என்று கேட்டுவிடுகிறது. இருப்பதிலேயே நல்லதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். “மழையில துருப்பிடிக்காதுல்ல?” என்று வேறு கேட்டார் செயலாளர். “பிடிக்காது சார்” என்று நான் உத்தரவாதம் கொடுத்தேன். என்னைப் போல ஒரு முட்டாளை நீ இனிமேல்தான் தேட வேண்டும்.

ஆனால் சிரித்துக்கொண்டே விட்டுவிடுகிற விஷயம் இல்லை இது. அந்தக் கடை எங்கள் மூன்று பேருடைய சாப்பாடு. ரிப்பேருக்குக் கொடுத்தவர்களின் பூட்டுகளும், மாதிரிக்குக் கொடுத்த வீட்டுச் சாவிகளும் உள்ளே கிடக்கின்றன. பஸ் ஓட்டுகிறவர் ஒருவர் ஜன்னல் வழியாகத் தன் வீட்டுக்குள் ஏறிக் குதித்துக்கொண்டிருக்கிறார், அவர் மனைவி என்னைப் பார்க்கும் பார்வையைச் சொல்ல முடியாது. என் மேல் தப்பு இருந்தால் நோட்டீஸ் கொடு, சபையில் வை, கதவைத் திறந்து வைத்து என்னை நிற்க வைத்துக் கேள். பூட்டைத் தப்பாக மாட்டினேன் என்று எல்லார் முன்னிலும் ஒத்துக்கொள்கிறேன். அதை விட்டுவிட்டு, கோபம் வந்தது, பேனா பக்கத்தில் இருந்தது, ஒருவன் பிழைப்பை மூடிவிட்டேன் என்றால் அதற்குப் பெயர் நிர்வாகமா? நாங்கள் ஓட்டுப் போட்டது, வீட்டைப் பார்த்துக்கொள் என்று உன் கையில் சாவி கொடுத்தது. நான் தொழில்காரன் என்பதால் சொல்கிறேன், சாவியை வாங்கிக்கொண்டு சொந்தக்காரனையே வெளியே தள்ளிச் சாத்துகிறவனுக்கு எங்கள் பக்கத்தில் வேறு பெயர் இருக்கிறது. உன் அக்கா முகத்துக்காக அதை எழுதாமல் விடுகிறேன்.

ஆகவே கேட்டுக்கொள்வது இதுதான். உடனே கடையைத் திறந்து விடு. நாளைக் கூட்டத்தில் சீல் வைத்ததற்கு முன்தேதியிட்டு ஒப்புதல் வாங்கலாம் என்று நீ யோசிப்பதாகக் கேள்வி, அந்த எண்ணத்தை விடு. இல்லாவிட்டால் இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன், உன் வீட்டு வாசல்படி மிதிக்க மாட்டேன், அடுத்த தேர்தலில் அதே கதவுகளை எல்லாம் தையல்காரம்மாவுக்காகத் தட்டுவேன்.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள் எந்த நிபந்தனையும் இல்லாமல். உனக்கு உரியதை நிறுத்தி வைத்திருக்கிறேன், சீலை எடுத்த பிறகு வந்து வாங்கிக்கொள். உன் அக்கா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். என்ன கேட்டாள் என்பதை எழுத வேண்டாம் என்றும் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அத்தானும் உன் வாக்காளனுமான
சாவிக் கடைக்காரன்

பின்குறிப்பு: இதை மடித்து உறைக்குள் வைக்கும்போது உன் செயலாளர் மூச்சு வாங்க எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். மன்றப் பூட்டை நேற்று அவரே கழற்றி, குமிழை உள்பக்கமாகத் திருப்பி மாட்டினாராம். சரியாக வேலை செய்கிறதா என்று வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்திப் பார்த்தாராம். சரியாக வேலை செய்ததாம். “சாவி எங்க சார்?” என்றார். “கடை ஆணியில” என்றேன். “திறந்து எடுத்துக் குடுங்க.” “எவரும் அகற்றக் கூடாதுன்னு நீங்கதானே சார் சத்தமா வாசிச்சீங்க?” “அதுக்கு சபை கூடித் தீர்மானம் போடணும்.” “சபை எங்க கூடும்?” “மன்றத்துல…” என்று ஆரம்பித்தவர் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கம்பி விட்டுத் திறக்க எனக்குத் தெரியும், ஆனால் கம்பிகளும் கடைக்குள்ளேதான். ஊரில் வேறு பூட்டுக்காரன் இல்லை. கதவை உடைப்பதென்றால் அது பொதுச்சொத்து, அதற்கும் தீர்மானம் வேண்டும் என்று உன் மருமகள் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னாள். “ஏதாவது வழி பண்ணுங்கம்மா” என்று அவர் உன் அக்காவிடம் திரும்பினார். “எதுவானாலும் எழுத்துமூலமா குடுங்க சார்” என்றாள் உன் அக்கா. இத்தனை வருஷத்தில் அவளும் நானும் ஒரே பக்கம் நின்றது இதுதான் முதல் தடவை.

ஆகையால் மேலே கடையைத் திற என்று கேட்டதை வாபஸ் வாங்குகிறேன். அவசரம் ஒன்றும் இல்லை. முகத்தில் விழிக்க மாட்டேன் என்றதும் வாபஸ், விழித்துத்தான் ஆக வேண்டும். கூட்டம் மன்றத்துக்குள்தான் நடக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லையாம், ஜனங்கள் உட்கார்ந்து கேட்கும்படி நடக்க வேண்டும் என்றுதான் இருக்கிறதாம். என் கடை வாசலில் தெரு நல்ல அகலம். பெஞ்சு நான் போடுகிறேன். தையல்காரம்மா முன்வரிசையில் இடம் சொல்லிவிட்டார். உன் அக்கா உனக்குத் தண்ணீர் கொண்டு வருவாள், கொடுத்துவிட்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வாளாம், அவளுக்கும் மாடியில் துணி காயப்போட வேண்டியிருக்கிறது. தைரியமாக வா மாப்பிள்ளை. தெருவுக்குக் கதவு கிடையாது, இந்தத் தடவை நான் எதையும் தப்பாக மாட்ட முடியாது.