ஷெட் கதவு திறந்திருக்கிறது

“இப்ப தெளிவா இருக்கா, இல்ல முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?”

கண் பரிசோதனைக்கான கனத்த சட்டத்தை மூக்கில் மாட்டிக்கொண்டிருந்த வாடிக்கையாளர் யோசித்தார். அவர் பதில் சொல்வதற்குள், பரிசோதனை செய்துகொண்டிருந்தவரின் சட்டைப்பையில் போன் துடித்தது. எடுத்துப் பார்த்தார். ‘கார் ஷெட் கதவு திறந்திருக்கிறது.’

“முன்னாடி போட்டதுதான்,” என்றார் வாடிக்கையாளர்.

“இல்லையே, சாத்திட்டுத்தானே வந்தேன்,” என்றார் லென்ஸ்.

கண்ணாடிக் கடையில் அவருக்கு லென்ஸ் என்றுதான் பெயர். இருபது வருடமாகக் கண் பரிசோதனை செய்கிறவர். அடுத்தவர் பார்வை துளி குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். தன் கண்ணை மட்டும் நம்பமாட்டார். காலையில் ஷெட் கதவைச் சாத்துவார், இழுத்துப் பார்ப்பார், காரில் ஏறுவார். பாதி வழியில் ‘சாத்தினோமா?’ என்று சந்தேகம் வந்துவிடும். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து பார்த்தால் கதவு சாத்தித்தான் இருக்கும். இதனாலேயே வாரத்தில் மூன்று நாள் கடைக்குத் தாமதம்.

அவரையும் குறை சொல்வதற்கில்லை. ஷெட்டிலிருந்து நேராகச் சமையலறைக்குப் போக ஒரு வாசல் உண்டு. மனைவி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும் வேலைக்கு விடிந்ததும் கிளம்பிவிடுவாள். பகல் முழுக்க வீட்டில் இருப்பது, போன மாதம் இவர்களோடு வந்து சேர்ந்த மாமனார் மட்டும்தான்.

அதற்காகத்தான் சென்சார் வாங்கினார். தீப்பெட்டி அளவு வெள்ளைப் பெட்டி. கதவு திறந்தால் போனுக்குச் செய்தி வந்துவிடும். அதை மாட்டிவிட்டு ஏணியிலிருந்து இறங்கியவர் மாமனாரிடம் பெருமை தாங்காமல் சொன்னார்.

“மாமா, இனிமே கவலையே வேண்டாம். இந்தக் கதவு திறந்தா போதும், நான் எங்க இருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிடும். பத்து நிமிஷத்துல இங்க வந்து நிப்பேன்.”

மாமனார் நாற்பது வருடம் ரயில்வேயில் சிக்னல் கேபினில் இருந்தவர். பெட்டியை அண்ணாந்து பார்த்துத் தலையாட்டினார். “நல்ல ஏற்பாடு மாப்பிள்ளை. எனக்கும் தெம்பா இருக்கு.”

மாட்டி இரண்டே நாள். இதோ, கதவு திறந்திருக்கிறதாம்.

வாடிக்கையாளரை அப்படியே உட்கார வைத்துவிட்டு லென்ஸ் பறந்தார். வீட்டுக்கு வந்தால் கதவு கப்சிப்பென்று சாத்திக் கிடக்கிறது. மாமனார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“யாராச்சும் வந்தாங்களா மாமா?”

“யாரும் வரலையே. நீங்கதான் வர்றீங்க. தெருமுனையில திரும்பும்போதே உங்க காருதான்னு பாத்துட்டேன்.”

இந்த வயதில் இப்படி ஒரு பார்வையா என்று லென்ஸ் மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

“வந்ததுதான் வந்தீங்க, இந்த மாத்திரை அட்டையில எது சாப்பாட்டுக்கு முன்னாடின்னு பாத்துச் சொல்லிட்டுப் போங்க.”

சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்பினால் முதலாளியம்மா பரிசோதனை அறை வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே வாடிக்கையாளர் இன்னும் அதே சட்டத்தோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

“அடுத்த மாசம் புதுக் கிளை திறக்கிறோம். அதை உங்க பொறுப்புல விடலாம்னு நான் நினைச்சிட்டிருக்கேன். நீங்க என்னடான்னா பாதியில எழுந்து ஓடுறீங்க. இன்னொரு தடவை இப்படிப் பண்ணீங்கன்னா, ஃபிரேம் மாட்டுறவரைத்தான் அங்க உக்கார வெப்பேன்.”

லென்ஸுக்குப் பக்கென்றது. புதுக் கிளை என்றால் தனி அறை, கதவில் தன் பெயர். இருபது வருடக் கனவு அது. ஃபிரேம் மாட்டுகிறவரோ வந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை.

அன்று மாலை பேட்டரியை மாற்றினார். மறுநாள் பதினொரு மணிக்குப் போன் மறுபடி துடித்தது. முதலாளியம்மா வங்கிக்குப் போயிருந்த நேரம் பார்த்து நழுவினார். கதவு சாத்தித்தான் இருந்தது. மாமனாருக்குச் சட்டைப் பொத்தான் தைக்க ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பினார்.

பிறகு இரண்டாவது சென்சார் ஒன்றை வாங்கிக் கதவின் மறுபக்கம் மாட்டினார். ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர் கணக்கு. பலன், இப்போது போன் இரண்டு முறை துடித்தது. மதியச் சாப்பாட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். கதவு சாத்தியிருந்தது. மாமனாருக்கு டிவி ரிமோட்டில் எந்தப் பொத்தான் எதற்கென்று சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிவிட்டு, சென்சார் விற்றவரைப் போனில் பிடித்துக் கத்தினார்.

“ரெண்டு சென்சாரும் ஒரே மாதிரி சொல்லுதுன்னா, கதவு திறந்துதான் சார் இருக்கும்.”

“சாத்தியிருக்குங்க. என் கண்ணால பாத்துட்டுப் பேசுறேன்.”

“அப்ப எதுக்கும் கண்ணை ஒரு தடவை செக் பண்ணிக்குங்க சார்.”

யாரிடம் யார் சொல்வது என்று ஒரு முறை இல்லையா? லென்ஸ் அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

“அப்பாவை ஒரு நாள் கடைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்களே?” என்றாள் மனைவி.

“முதல்ல இந்தக் கதவுத் தொல்லை தீரட்டும்.”

தொல்லையைத் தீர்க்க மோட்டார் வந்தது. உள்ளே சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைப் பொத்தான், அமுக்கினால் கதவு ஏறும், இறங்கும். கடையில் இருந்தபடியே போனிலும் மூடலாம். இனி ஓட வேண்டியதில்லை, விரலை அசைத்தால் போதும். லென்ஸ் நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் பரிசோதனைக்கு வந்தது வேறு யாருமில்லை, முதலாளியம்மாவின் நாத்தனார். லென்ஸ் பயபக்தியோடு ஆரம்பித்தார். போன் துடித்தது. சட்டைப்பையிலிருந்து நைசாக எடுத்து ‘மூடு’ என்பதை அமுக்கினார். ‘கதவு மூடியது.’ ஆஹா என்று மனம் குளிர்ந்தது. அடுத்த நிமிடம், ‘கதவு திறந்திருக்கிறது.’ மறுபடி மூடினார். மறுபடி திறந்தது. மூடினார். திறந்தது. ஒரு கையால் போனை அமுக்கிக்கொண்டு, மறு கையால் எந்த லென்ஸைப் போடுகிறோம் என்றே தெரியாமல் போட்டுக்கொண்டிருந்தார்.

“எனக்கு உங்க தலை ரெண்டா தெரியுதுங்க,” என்றார் நாத்தனார்.

“நல்லது. இப்ப?”

“இப்ப தலையே தெரியல.”

ஏழாவது தடவை கதவு திறந்தபோது அறைக்கதவும் திறந்தது. முதலாளியம்மா போனையும் பார்த்தார், நாத்தனாரையும் பார்த்தார். லென்ஸ் அழாத குறையாக எல்லாவற்றையும் கொட்டினார். வீட்டுக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள், மாமனார் தனியாக இருக்கிறார், புதுக் கிளை போனாலும் பரவாயில்லை, நான் போகத்தான் வேண்டும் என்றார்.

“கிளம்புங்க, நானும் வர்றேன்,” என்றார் முதலாளியம்மா. “அப்படி என்ன அதிசயக் கதவுன்னு நானும் பாத்துடறேன்.”

கார் தெருமுனையில் திரும்பியது. திறந்திருந்த ஷெட் கதவு அவர்கள் கண்ணெதிரிலேயே நிதானமாக இறங்கத் தொடங்கியது.

லென்ஸ் காரை அப்படியே போட்டுவிட்டு ஓடிக் குனிந்து உள்ளே நுழைந்தார். பின்னாலேயே முதலாளியம்மாவும் நுழைந்தார். உள்ளே மாமனார் பச்சைப் பொத்தானில் கட்டைவிரலை வைத்தபடி நின்றிருந்தார். இன்னொரு கையில் பிரிக்காத கடிதம் ஒன்று இருந்தது. திருடன் எவனும் இல்லை.

இத்தனை நாளும் லென்ஸுக்குக் கேட்கத் தோன்றாத கேள்வியை முதலாளியம்மா எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

“பெரியவரே, இந்தக் கதவை யாரு திறக்கிறது?”

“நான்தாம்மா.”

லென்ஸ் பச்சைப் பொத்தானையும் மாமனாரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மாப்பிள்ளை மாட்டின அன்னிக்கே சொல்லிட்டாரு, கதவு திறந்தா பத்து நிமிஷத்துல வந்துடுவேன்னு. தங்கமான மனுஷன். ஒரு தடவைகூடச் சொன்ன சொல்லு தவறல. வண்டி வந்து சேர்ந்ததும் சிக்னலைப் பழையபடி போட்டுடணும் இல்லையா, அதான் காரைப் பாத்ததும் சாத்திடுவேன். இன்னிக்குத்தான் நான் திறக்கத் திறக்கத் தானா மூடிக்கிச்சு. சரி, அங்கேருந்து பதில் குடுக்கிறாரு போலன்னு நானும் விடாம அமுக்கினேன். ஒண்ணுமில்ல, இந்தக் கடுதாசியைக் கொஞ்சம் படிச்சுக் காட்டச் சொல்லலாம்னுதான்.”

முதலாளியம்மா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“நல்லா இருக்கு போங்க. உங்களால இவருக்குக் கிடைக்க வேண்டிய கிளையே கைநழுவிப் போகப் பாத்துச்சு. இதுக்கெல்லாம் ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?”

மாமனார் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். கை எவ்வளவு தூரம் நீளுமோ அவ்வளவு தூரம் நீட்டிப் பிடித்தார். கண்ணைச் சுருக்கினார். பிறகு, கண் பரிசோதனையில் இருபது வருட அனுபவமுள்ள மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“போன்ல நம்பர் எங்கம்மா தெரியுது? கதவுதான் கண்ணுக்குத் தெரியுற மாதிரி பெரிசா இருக்கு.”