நைரோபியிலிருந்து வந்த சாட்சி

நான் ஆப்பிரிக்கா போனதில்லை. ஆனால் ஆப்பிரிக்கா போவதற்காக லீவு லெட்டர் கொடுத்து, அது கையெழுத்தாகியும் வந்திருக்கிறது. விருத்தாசலத்தில் இப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடிய ஆள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். எங்கள் குடும்பத்துக் கல்யாணங்களில் பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் யாராவது இந்தக் கதையை ஆரம்பித்துவிடுவார்கள். அவர்கள் சொல்லும் கதையில் நான் ஒரு கிறுக்கியாக வருகிறேன். அதனால் நானே ஒரு தடவை எழுதிவிடுகிறேன். கிறுக்குத்தனம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். வருத்தம் மட்டும் இன்றுவரை கிடையாது.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பொம்மைக் கம்பெனியில் வர்ணம் தீட்டும் வேலை. பக்கத்து ஷெட்டில் மின்சாரப் பியூஸ் கட்டை செய்வார்கள்; எங்கள் ஷெட்டில் அதுவரை செய்ததெல்லாம் பூச்சாடி, உண்டியல், தலையாட்டாத செட்டியார் பொம்மை. திடீரென்று சென்னையில் ஒரு கடைக்காரர் ஆப்பிரிக்கக் காட்டு விலங்குகள் வேண்டும் என்று ஆர்டர் கொடுத்துவிட்டார். யானை, வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, அப்புறம் ஜோடிச் சிங்கம். ஆண் ஒன்று, பெண் ஒன்று.

எங்கள் போர்மேன் தணிகாசலம் சிக்கனமான மனிதர். சிங்கத்துக்கு ஒரே ஒரு அச்சு செய்தார். அதிலேயே இரண்டையும் வார்த்து எடுத்தார். மேசையில் கொண்டுவந்து வைத்த இரண்டு சிங்கத்துக்கும் கழுத்தைச் சுற்றிக் காடாகப் பிடரி.

"சார், பொம்பள சிங்கத்துக்குப் பிடரி கெடையாது" என்றேன்.

"யாரு சொன்னா?"

"ஸ்கூல் புஸ்தகத்துல படம் பாத்திருக்கேன்."

"படம் போட்டவன் ஆப்பிரிக்கா போயிட்டா வந்தான்? கண்ணுல மை கொஞ்சம் கூடத் தீட்டி வுடு. பொம்பளையாயிடும்."

பக்கத்து மேசை விஜயா மெதுவாக, மெட்ராஸ் மிருகக்காட்சி சாலையில் பெண் சிங்கத்தைப் பார்த்ததாகவும், கழுத்து மொழுமொழுவென்று இருந்ததாகவும் சொன்னாள். போர்மேன் அசரவில்லை. "கூண்டுல போட்டு அடைச்சா முடி கொட்டாம என்னா செய்யும்? காட்டுல இருக்கறதப் பாத்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க" என்றார். பன்னிரண்டு பேர் இருந்த அந்த ஷெட்டில் ஆப்பிரிக்கக் காட்டைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, "நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன் சார். அதுவரைக்கும் அந்தப் பொம்மைக்கு மை தீட்ட மாட்டேன்" என்றேன். (மலை உச்சியில் நின்று சபதம் செய்ததுபோல எனக்கு நினைப்பு. உண்மையில் காலில் ஒரு செருப்பு அறுந்து, ஊக்குப் போட்டு நின்றுகொண்டிருந்தேன்.)

வாய்க்கொழுப்பில் சொன்னதாக நினைக்காதீர்கள். எனக்கு ஆதாரம் இருந்தது. அப்பாவின் தங்கை சரோஜா அத்தை நைரோபியில் இருந்தார். மாமாவுக்கு அங்கே ஒரு கம்பெனியில் கணக்கர் வேலை. அத்தையிடமிருந்து மாதம் ஒரு நீலநிற ஏர்மெயில் கடிதம் வரும். அதில் சிங்கம் சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும், ஒட்டகச்சிவிங்கி கொடியில் காயும் புடவையை இழுக்கும். ஒவ்வொரு கடிதமும் ஒரே மாதிரிதான் முடியும்: "எல்லோரும் ஒரு முறை அவசியம் வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போகவும்."

நம் பக்கத்தில் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தவரிடம்கூட "ஒரு நாள் வூட்டுக்கு வாங்க" என்றுதான் சொல்லி இறங்குவோம். அவரும் "கட்டாயம் வரேங்க" என்பார். யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஏர்மெயிலில் வந்தால் அது நிஜமான அழைப்பு என்று நான் நம்பினேன். அப்பாவும் நம்பினார். அதுதான் வினை.

அப்பா விருத்தாசலம் ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் கிளார்க். அவருக்கு உலகம் இரண்டே பகுதி: ரயில்வே பாஸ் செல்லும் இடம், செல்லாத இடம். நான் விஷயத்தைச் சொன்னதும் கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் டைம்டேபிளை எடுத்து விரித்துவிட்டார். அந்த நிமிஷத்திலிருந்து அது என் பயணமே இல்லை, அவருடையது.

"பம்பாய் வரைக்கும் பாஸு இருக்குது. அங்கேருந்து மொம்பாசாவுக்குக் கப்பலு. மொம்பாசாவுல எறங்குனா நைரோபிக்கு ரயிலு. அங்கயும் நம்ம ஆளுங்க போட்ட தண்டவாளம்தான். பாஸ காட்டுனா ஒரு ரயில்வேக்காரன இன்னொரு ரயில்வேக்காரன் வுட்டுக் குடுத்துடுவானா?"

"நடுவுல கடல் இருக்குதே" என்றாள் அம்மா.

"கடலு மட்டும்தான் பாக்கி. மத்ததெல்லாம் முடிஞ்சிது."

எழும்பூரில் எந்த பிளாட்பாரத்தில் இறங்குவது, சென்ட்ரலுக்கு எப்படிப் போவது, பம்பாய் வண்டியில் எந்தப் பக்கம் வெயில் அடிக்காது என்பதுவரை அப்பா எழுதி வைத்தார். நாலு முழுப் பக்கம். அரபிக்கடலுக்கு ஒரு வரி: "கப்பல் (விசாரிக்கவும்)." பாஸ்போர்ட் விண்ணப்பத்தை வாங்கிவந்து, படித்துப் பார்த்து, பயந்துபோய் மேசை டிராயரில் வைத்தார். அது அங்கேயே இருந்தது.

நான் எனக்குரிய ஏற்பாடுகளைக் கவனித்தேன். காட்டுக்குள் நிறம் தெரியக்கூடாது என்று கேள்விப்பட்டு, இருந்த நல்ல புடவைகள் இரண்டைக் காவிச் சாயத்தில் முக்கினேன். (சாமியாராகப் போகிறேன் என்று தெருவில் ஒரு வாரம் பேச்சு.) ஆப்பிரிக்கா போக ஊசி போட வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டேன். நர்ஸம்மா எதற்கு என்று விசாரித்தார். சொன்னேன். அந்த ஊசி இங்கே கிடையாது என்றவர், சேதியை மட்டும் சாயங்காலத்துக்குள் பாலக்கரை வரை சேர்த்துவிட்டார். அதன்பிறகு நான் தெருவில் நடந்தாலே, "எப்போம்மா பொறப்பாடு?" என்று கேட்டார்கள். ஒருவர் சிங்க நகம் கேட்டார், பேரனுக்குக் கயிற்றில் கோத்துப் போட. அதையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டேன்.

கம்பெனியில் முப்பது நாள் லீவு கேட்டு எழுதினேன். காரணம்: "ஆப்பிரிக்கா சென்று பெண் சிங்கத்தை நேரில் காணுதல்." போர்மேன் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு, "பரிந்துரைக்கிறேன்" என்று பச்சை மசியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதலாளியும் போட்டார்.

அப்பா அத்தைக்கு விவரமாகக் கடிதம் எழுதினார். உன் விருப்பப்படியே நாங்கள் மூவரும் வருகிறோம், பத்து நாள் போதாது, ஒரு மாதம் தங்குகிறோம், பெண் சிங்கம் எந்த நேரத்தில் வாசலுக்கு வரும் என்பதை முன்கூட்டியே தெரிவிக்கவும்.

அம்மாவுக்குத்தான் தூக்கம் போனது. ஒரு பக்கம் வடகமும் மோர்மிளகாயும் போட்டுத் தகர டின்னில் அடைத்தாள். மறுபக்கம் யாருக்கும் தெரியாமல் மணவாளநல்லூர் போய்க் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டிவிட்டு வந்தாள். கோர்ட்டில் மனு கொடுப்பதுபோல, யாரால் என்ன கஷ்டம் என்று சாமிக்குத் தாளில் எழுதி வேலில் கட்டுவது அங்கே வழக்கம். களவு போனவர்கள், ஏமாற்றப்பட்டவர்கள் கட்டுவார்கள். அம்மா எதிராளி என்று புருஷன் பெயரையும் மகள் பெயரையும் எழுதிக் கட்டியிருந்தாள்.

மூன்றாவது வாரம் தந்தி வந்தது. "புறப்பட வேண்டாம். நாங்கள் வருகிறோம்."

அம்மா அங்கேயே நின்று மணவாளநல்லூர்த் திசையில் கும்பிட்டாள். அப்பா டைம்டேபிளை மூடி, பாஸ்போர்ட் விண்ணப்பம் கிடந்த டிராயரிலேயே வைத்தார். எனக்கு அழுகை வந்தது, அழவும் செய்தேன். அப்புறம் முகத்தைக் கழுவும்போது ஒரு யோசனை வந்தது. நான் ஏன் அழவேண்டும்? பதினோரு வருஷம் ஆப்பிரிக்காவிலேயே இருந்து, ஜன்னல் வழியாகச் சிங்கம் பார்த்தவர் வருகிறார். என்னைவிட நல்ல சாட்சி! கம்பெனியில் போய், "நான் போகல சார். ஆப்பிரிக்காவே இங்க வருது" என்றேன். போர்மேன், "வரட்டும், வரட்டும்" என்றார்.

அத்தை வந்து இறங்கினார். மாமா தன் சொந்த ஊரான ஸ்ரீமுஷ்ணத்துக்குப் போய்விட, அத்தை எங்களோடு தங்கினார். நைலான் புடவை, கைப்பை, காப்பித்தூள் டின். சிங்கக் கதைகள் நேரிலும் நன்றாகவே வந்தன. பிடரி விஷயத்தை மட்டும் நான் கேட்கவே இல்லை. சாட்சியைக் கலைக்கக்கூடாது என்று எனக்கு ஒரு கௌரவம். எந்த வக்கீலாவது தன் சாட்சியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கூண்டில் ஏற்றுவானா? நான் ஏற்றினேன்.

கம்பெனியில் அன்றைக்கு வரவேற்பு தடபுடல். அத்தைக்கு நாற்காலி போட்டு, டீயும் வெண்ணெய் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். வர்ணம் தீட்டுபவர்கள், அச்சு வார்ப்பவர்கள், சூளைக்காரர்கள்கூட வந்து சுற்றி நின்றார்கள். போர்மேன் ஜோடிச் சிங்கத்தைக் கொண்டுவந்து அத்தையின் முன்னால் வைத்தார். நான் தீட்ட மறுத்த மையை அவரே தீட்டியிருந்தார், காது வரைக்கும்.

"அம்மா, நீங்க பாத்தவங்க. நீங்க சொன்னா சரி. பொம்பள சிங்கம் இப்பிடித்தானுங்களா இருக்கும்?"

அத்தை பொம்மையைப் பார்த்தார். கையில் அவர்கள் கொடுத்த டீ. எதிரில் அவர்கள் செய்த பொருள். விருந்துக்குப் போன வீட்டில் சாம்பாரில் உப்பு இல்லையென்றால் நாம் என்ன சொல்வோமோ, அதையே அத்தையும் சொன்னார்.

"அடேயப்பா! அச்சு அசலா இருக்குதுங்க. எங்க வூட்டு வாசல்ல வந்து நின்னது மாதிரியே இருக்குது."

"பிடரி?"

"பிடரியும் இதே மாதிரிதான்."

"கண்ணு மை?" என்றார் அந்தப் பாவி.

"மையும் இப்பிடித்தான்."

ஷெட்டுக் கூரை பறந்துவிடும்போல் சிரித்தார்கள். விஜயாகூடச் சிரித்தாள். எனக்குக் காது இரண்டும் கொதித்தது. "அத்த, நீங்க சிங்கம் பாத்திருக்கீங்களா, இல்லியா?" என்று கத்தினேன்.

அத்தை டீ கிளாஸைக் கீழே வைத்தார். "எங்கடி பாத்தேன்? பதினோரு வருஷமா ரெண்டு ரூமு வூடு, மார்க்கெட்டு, மறுபடியும் அதே வூடு. ஊர்லேருந்து அரை மணி நேரத்துல சிங்கம் இருக்குதாம். உங்க மாமா என்னிக்குக் கூட்டிட்டுப் போனாரு? கடுதாசியில பின்ன நான் என்னாத்த எழுதறது?" என்று சொல்லி, அத்தனை பேர் முன்னாலும் அழுதார்.

சிரிப்பு நின்றது. போர்மேன் மட்டும், "பாக்காமயே எவ்ளோ கரெக்டா சொல்லியிருக்காங்க பாருங்க" என்றார்.

அதற்குமேல் நான் செய்தது என் பொறுப்பு. அச்சிலிருந்து எடுத்துச் சூளைக்குப் போகாமல் காய்ந்துகொண்டிருந்த பச்சைச் சிங்கம் ஒன்றை எடுத்தேன். சீவும் கத்தியால் அதன் பிடரியை எல்லார் முன்னாலும் வழித்து எறிந்தேன். "இதான் பொம்பள சிங்கம்!" என்று தூக்கிக் காட்டினேன். அது பார்ப்பதற்கு நாய் மாதிரி இருந்தது. அதுவும் சோறு வைக்காத வீட்டு நாய். ஷெட் மறுபடியும் சிரித்தது. மறுநாளே என்னை மின்சாரப் பியூஸ் கட்டை செய்யும் பகுதிக்கு மாற்றினார்கள். பியூஸ் கட்டையில் ஆண் பெண் வித்தியாசம் கிடையாது, எனவே நான் சண்டை போட வழியில்லை என்று போர்மேன் சொன்னாராம்.

அத்தையும் நானும் வீடு திரும்பினோம். மணிமுத்தாற்றுப் பாலத்துக்கு வந்ததும் அத்தை, "உன்ன அசிங்கப்படுத்திட்டேன்டி" என்றார். "நானும் உங்கள அழவுட்டுட்டேன் அத்த" என்றேன். கோபம் எனக்கு இருந்தது. ஆனால் சிங்கம் இருக்கும் ஊரில் சிங்கத்தைப் பார்க்காமல் பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தவர்மேல் எத்தனை நேரம் கோபப்பட முடியும்?

இரண்டு மாதம் கழித்து நீலநிறக் கடிதம் ஒன்று வந்தது. எங்களுக்கில்லை, கம்பெனி விலாசத்துக்கு, போர்மேன் பெயருக்கு. அத்தை நைரோபி திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை, மாமாவோடு சண்டை போட்டு, ஜீப் ஏறிக் காட்டுக்குப் போயிருக்கிறார் (இது எங்களுக்குப் பிறகு வந்த கடிதத்தில் தெரிந்தது). போர்மேனுக்கு வந்த கடிதத்தில் மூன்றே வரி. "பெண் சிங்கம் ஐந்தை நேரில் பார்த்தேன். பிடரி இல்லை. மையும் இல்லை."

போர்மேன் அதைப் படித்துவிட்டு, ஒரே சாட்சி இரண்டு விதமாகச் சொன்னால் செல்லாது என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஜோடிச் சிங்கங்கள் பிடரியோடும் மையோடும் சென்னைக்குப் போய் நன்றாகவே விற்றன. நான் பியூஸ் கட்டைப் பகுதியிலேயே இருந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் தெரியாததைத் தெரிந்ததுபோல யார் பேசினாலும் உடனே ஒரு குரல் வரும்: "மையும் இப்பிடித்தான்!" என் கணவர் சொல்வார், பிள்ளைகள் சொல்வார்கள், கதை தெரியாத மருமகள்கூடச் சொல்லப் பழகிவிட்டாள். சொல்லிவிட்டு எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், ஆப்பிரிக்கா போகத் திட்டம் போட்டு எழும்பூர்கூடப் போகாதவள் என்று. சிரிக்கட்டும். அத்தை அதற்குப் பிறகு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குப் போனார். போகாத மாதம் கடிதத்தில் சிங்கமே வராது. எங்கள் வீட்டில் ஒருத்தி ஆப்பிரிக்கக் காட்டைச் சுற்றிப் பார்த்தாள் என்றால், அது நான் போட்ட திட்டத்தால்தான்.