சுமைதாங்கியாரும் பழைய பேப்பர் பெட்டியும்

அந்தக் குடியிருப்பில் யாராவது வீடு மாறினால் முதலில் லாரிக்குச் சொல்ல மாட்டார்கள்; சுமைதாங்கியாருக்குத்தான் சொல்வார்கள். வெள்ளை ஜிப்பா, கையில் ஒரு நூல், நூல் முனையில் பித்தளைக் குண்டு. குண்டு எந்தப் பொருளின் மேல் ஆடுகிறதோ, அதில் பீடை. அதைப் புது வீட்டுக்குக் கொண்டு போனால் குடும்பம் விளங்காது. கவலை வேண்டாம், அவரே தூக்கிக்கொண்டு போய்க் 'கரைத்து' விடுவார். போன மாதம் மேல்வீட்டு அக்காவின் ஃபிரிட்ஜைக் கரைத்தார். எதில் கரைத்தார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதும் பீடையாம்.

கீழ்வீட்டுத் தையல்காரி மட்டும் ஒன்றைக் கவனித்திருந்தாள். அந்தக் குண்டு இதுவரை ஒரு ஓட்டை வாளியின் மேல் ஆடியதே இல்லை. குண்டுக்கு நல்ல ரசனை.

இப்போது வீடு மாறுவது அவள் முறை. அவள் கணவர் பள்ளியில் அறிவியல் வாத்தியார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், சுமைதாங்கியாரை வரச் சொன்னவரே அவர்தான்.

"முந்தாநாள் வாசல்ல நின்னு எட்டிப் பார்த்தாரு. உன் தையல் மெஷின்மேலதான் அவருக்குச் சந்தேகமாம்."

"அது போயிட்டா சோத்துக்கு அந்தப் பித்தளைக் குண்டையா கடிக்கிறது?"

"அதிர்வுன்னு ஒண்ணு இருக்கு. உனக்குப் புரியாது."

"வாத்தியாரே, வகுப்புலயும் இதத்தான் நடத்துறீங்களா?"

வாத்தியாருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

அன்று முழுக்க அவள் மூட்டை கட்டினாள். எல்லாம் அட்டைப் பெட்டிக்குள். மேலே டேப். டேப்புக்கு மேல் தடித்த பேனாவில் பெயர்: 'டிவி', 'மிக்ஸி', 'தையல் மெஷின்', 'பழைய பேப்பர்'. பெண்டாட்டிக்கு இத்தனை ஒழுங்கா என்று வாத்தியார் பூரித்துப் போனார்.

மறுநாள் காலை குடியிருப்பே கூடத்தில் நின்றது. பெட்டிகளைப் பார்த்ததும் சுமைதாங்கியார் முகம் லேசாகச் சுருங்கியது.

"பொருளை இப்படி மூடி வெச்சா எப்படிம்மா?"

"சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பீரோவையே கண்டுபிடிச்சீங்களே சாமி. இது வெறும் அட்டைதானே?"

கூட்டம் ஆமாம் போட்டது. பக்தர்கள் சில நேரம் இப்படித்தான், காலை வாரி விடுவார்கள்.

குண்டு கிளம்பியது. 'டிவி'யில் ஆடியது. 'மிக்ஸி'யில் குலுங்கியது. 'தையல் மெஷின்' வந்ததும் காற்றாடியாகச் சுற்றியது.

"ஐயோ! ஏழு தலைமுறைப் பாவம் இதுல!"

வாங்கி ஆறு வருஷம்தான் ஆகிறது. தலைமுறைகள் வேகமாக ஓடியிருக்க வேண்டும்.

"அப்போ புது வீட்டுக்குள்ள முதல்ல எது போகணும் சாமி?"

அவர் தாராளமாக 'பழைய பேப்பர்' பெட்டியைக் காட்டினார். "மகா சுத்தம்! இதுதான் முதல்ல போகணும்."

தையல்காரி கத்தரிக்கோலை எடுத்தாள். 'டிவி' பெட்டிக்குள் பஞ்சு பிதுங்கிய தலையணை. 'மிக்ஸி'க்குள் ஓட்டை வாளி. பாவம் ததும்பிய 'தையல் மெஷின்' பெட்டிக்குள், வாத்தியார் தூக்கிப் போட மனமில்லாமல் சேர்த்து வைத்த பத்து வருட விடைத்தாள்கள்.

மகா சுத்தமான பெட்டியைக் கடைசியாகப் பிரித்தாள். தையல் மெஷின். ஊசிக்கடியில் பாதி தைத்த சட்டைக் கை அப்படியே இருந்தது.

"அட்டை... அலையை மாத்திடுச்சு," என்றார் சுமைதாங்கியார்.

"அதனால என்ன, எல்லாத்தையும் வெளியிலயே எடுத்து வைக்கிறேன். கண்ணை மட்டும் கட்டிக்கோங்க." கறுப்பு லைனிங் துணியில் ஒரு பட்டை கிழித்து நீட்டினாள்.

அவருக்கு அவசர வேலை ஞாபகம் வந்தது. வாசலில் மேல்வீட்டு அக்கா ஜிப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "யோவ், என் ஃபிரிட்ஜை எதுல கரைச்சே?"

அவருடைய மச்சான் நடத்தும் பழைய சாமான் கடையில் கரைத்திருந்தார். அக்கா போய்ப் பார்த்தபோது உள்ளே ஐஸ்கூடக் கரையவில்லை.

"விரல் ஆடுது, அதான் குண்டு ஆடுது," என்று வாத்தியார் மெதுவாக விளக்கினார்.

"அறிவியல் வாத்தியாராச்சே, சரியாத்தான் இருக்கும்," என்றாள் அவள். "அந்த விடைத்தாளை எடைக்குப் போட்டுட்டு வாங்க."

புது வீட்டுக்குள் முதலில் நுழைந்தது 'பழைய பேப்பர்' பெட்டிதான். சுமைதாங்கியார் சொன்னதில் பலித்தது அது ஒன்றே.

நீங்களும் வீடு மாறும்போது பரணில் தேடிப் பாருங்கள். பிரிக்காத பெட்டி ஏதாவது ஒன்றில் உங்கள் மூளை இருக்கலாம். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்; அதிகம் புழங்காததால் புத்தம் புதிதாகவே இருக்கும்.